சிறு தோட்டத்து பிரெஞ்சு ஒயினைச் சேகரிப்பது எப்படி? ஷாத்தோ ரயாஸை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

பிரான்ஸின் சிறிய தோட்டங்களிலிருந்து வரும் ஒயினைச் சேர்க்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் பாட்டிலைத்தான் முதலில் வாங்குகிறார்கள். எங்கே வைப்பது, இதுவரை எங்கே இருந்தது, யார் செய்தது என்பதெல்லாம் பணம் போன பிறகுதான் நினைவுக்கு வருகிறது. இங்கே அந்த வரிசையை மாற்றியிருக்கிறேன். கீழே உள்ள படிகளில் 8-வது முடியும்வரை சேகரிப்புக்கான பணம் கைமாறக் கூடாது.

எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வது தெற்கு ரோன் பகுதியில், ஷாத்தோநஃப்-து-பாப் என்ற ஒயின் பகுதியின் எல்லைக்குள் இருக்கும் ஷாத்தோ ரயாஸ் தோட்டம். ஒப்பிட்டுப் பார்க்க, தேவைப்படும் இடங்களில் போர்தோ பக்கம் பொமரோலின் லெ பேனும் பர்கண்டியின் சில தோட்டங்களும் வரும்.

தொடங்கும் முன் தேவையானவை

பத்து வருடம் தொடாமல் விட்டுவைக்கக் கூடிய பணம். உங்கள் பெயரிலேயே ஒரு கிடங்குக் கணக்கு. கணினியில் ஒரு பதிவேடு. சின்ன டார்ச், ஒரு அளவுகோல், ஒரு புறஊதா விளக்கு. இவ்வளவு போதும். விலைப் பட்டியல்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அவை ஆண்டுக்கு ஆண்டு மாறும். 2022 கடைசி வரை ஏறிக்கொண்டே இருந்த சந்தை அதன் பிறகு ஆண்டுக்கணக்கில் இறங்கியது. அன்றைய விலையையே தரைவிலை என்று நம்பி வாங்கியவர்கள் இன்னும் காத்திருக்கிறார்கள்.

1. தோட்டத்தை அளந்து பாருங்கள்

"அரிதானது" என்ற சொல்லை விற்பவர் எல்லாருமே சொல்வார்கள். நீங்கள் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஹெக்டோலிட்டர் என்பது 100 லிட்டர், அதாவது 75 சென்டிலிட்டர் பாட்டில் சுமார் 133. ஷாத்தோநஃப்-து-பாப்பில் ஒரு ஹெக்டேருக்குச் சட்டம் பொதுவாக அனுமதிக்கும் விளைச்சல் 35 ஹெக்டோலிட்டர். ரயாஸ் அதில் பாதியைக்கூட எட்டாத ஆண்டுகள் உண்டு. ஹெக்டேருக்கு 15 என்று வைத்தால் சுமார் 2,000 பாட்டில்தான் கிடைக்கும்.

ரயாஸின் கொடிகள் சுமார் 12 ஹெக்டேர். அதிலிருந்தே சிவப்பு, வெள்ளை, பிஞான் என்ற இன்னொரு லேபிள் என்று பங்கு பிரிய வேண்டும். லெ பேன் இதைவிடச் சிறியது, 3 ஹெக்டேருக்கும் குறைவு. மறுபக்கம், போர்தோவின் ஷாத்தோ லஃபித் ரோத்ஷீல்டுக்கு 100 ஹெக்டேருக்கு மேல் உண்டு. லஃபித்தை எப்போது வேண்டுமானாலும் தேடி வாங்கலாம். ரயாஸை அப்படி வாங்க முடியாது.

புதியவர்கள் இந்த இடத்தில் தடுக்கி விழுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். குறைவாக விளைகிறது என்பதாலேயே அது சேகரிப்புக்கு உரியதாகிவிடாது. 5 ஹெக்டேர் வைத்துக்கொண்டு நல்ல ஒயின் செய்யும் குடும்பங்கள் பிரான்ஸ் முழுக்க இருக்கின்றன. அவர்களுடைய பாட்டிலை வாங்கிக் குடிக்கலாம். திரும்ப விற்க ஆள் கிடைக்காது. அந்தத் தோட்டத்தின் 15, 20 வருடப் பழைய பாட்டில்கள் இன்றும் ஏலத்துக்கு வருகின்றனவா, வந்தால் போட்டி இருக்கிறதா என்று பாருங்கள். ஐரோப்பிய ஏல நிறுவனங்கள் பலவற்றின் பழைய முடிவுகளை இணையத்தில் பார்க்கலாம். ஒரே ஒரு ஏலத்தின் உச்ச விலையை நம்பாமல், தொடர்ந்து விற்றிருக்கிறதா என்று கவனியுங்கள்.

2. எந்த ஆண்டு, யார் கையால்?

இந்தப் படிக்கு அதிக நேரம் கொடுங்கள். பெரிய நிறுவனத்தில் ஆள் மாறினாலும் முறை தொடரும். சிறு தோட்டத்தில் ஒரே மனிதர்தான் கொடியை வெட்டுகிறார், அறுவடை நாளைக் குறிக்கிறார், எந்தப் பீப்பாய் எந்த லேபிளுக்கு என்று முடிவு செய்கிறார். அவர் போனால் ஒயினும் கொஞ்சம் மாறும், சந்தை அதைவிட அதிகமாக மாறும்.

ரயாஸை 1978 வாக்கில் தந்தை லூயியிடமிருந்து பொறுப்பேற்று நடத்தியவர் ஜாக் ரெய்னோ. 1997 ஜனவரியில் அவர் காலமானார். பிறகு அவருடைய சகோதரர் மகன் இமானுவேல் ரெய்னோ ஏற்றுக்கொண்டார். ஜாக் காலத்து 1978, 1989, 1990, 1995 ஆகியவற்றுக்குத் தனி மதிப்பு உண்டு. 1996 அறுவடையை முடித்தது ஜாக். பீப்பாயில் வளர்ந்து பாட்டிலுக்குப் போனபோது அவர் இல்லை. இப்படிப்பட்ட எல்லைக் கோட்டு ஆண்டுகளை விற்பவர் எந்தப் பக்கம் சேர்த்துச் சொல்கிறார் என்று கவனியுங்கள். அவருக்கு எவ்வளவு தெரியும் என்பது அதிலேயே விளங்கிவிடும்.

ஆகவே பதிவேட்டில் முதலில் எழுத வேண்டியது ஒரு காலவரிசை: யார் எப்போது பொறுப்பில் இருந்தார், எந்த லேபிள் எந்த ஆண்டில் தொடங்கியது, எந்த ஆண்டில் ஒயினே வெளியிடப்படவில்லை. கடைசிக் கேள்விதான் பலரைக் காப்பாற்றியிருக்கிறது. லெ பேனை 1979-இல் வாங்கியவர் பெல்ஜிய ஒயின் வணிகக் குடும்பத்தைச் சேர்ந்த ஜாக் தியன்போன். கடும் வெப்ப ஆண்டான 2003-இல் அவர் லெ பேன் என்ற பெயரில் எதையும் வெளியிடவில்லை. ஆகவே "லெ பேன் 2003" என்று யாராவது நீட்டினால் பாட்டிலைக் கையில் வாங்கிப் பார்க்கவே தேவையில்லை.

போன்ஸோ பெயரில் போலி பாட்டில் வந்த விவகாரமும் இப்படித்தான் வெளிச்சத்துக்கு வந்தது. 2008 ஏப்ரலில் நியூயார்க்கில் ஓர் ஏலத்துக்கு, பர்கண்டியின் தொமேன் போன்ஸோ தோட்டத்துப் பெயரில் குளோ சான்-தெனி என்ற ஒயினின் பழைய பாட்டில்கள் வந்தன. 1945-உம் அதில் இருந்தது. அந்தக் குடும்பம் குளோ சான்-தெனி செய்யத் தொடங்கியதோ 1980-களில். அந்தக் குடும்பத்தின் லோரான் போன்ஸோ நேரில் போய் அவற்றைத் திரும்பப் பெற வைத்தார். அவற்றைக் கொண்டுவந்த ரூடி குர்னியவான் 2012-இல் கைதாகி, போலி ஒயின் விற்ற வழக்கில் 2013 டிசம்பரில் குற்றவாளி என்று தீர்ப்பாகி, 2014-இல் 10 ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார். அந்த ஏலப் பட்டியலைக் கையில் வைத்திருந்தவர்களில் அனுபவசாலிகள் பலர். காலவரிசை தெரிந்தவரோ மிகச் சிலர்தான்.

லேபிளில் இருக்கும் பகுதிப் பெயரும் நிரந்தரம் அல்ல. பொமரோலின் ஷாத்தோ லஃப்ளர், 2025 அறுவடையிலிருந்து பொமரோல் என்ற பெயரை விட்டு வெறும் "வேன் த ஃப்ரான்ஸ்" (பிரான்ஸ் ஒயின்) என்று போடப்போவதாக 2025 ஆகஸ்டில் அறிவித்தது. வெப்பமும் வறட்சியும் கூடும் காலத்தில் பழைய விதிகளுக்குள் கொடியைக் காக்க முடியவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். இதை அறியாதவர் சில வருடம் கழித்து உண்மையான பாட்டிலையே போலி என்று தள்ளிவிடக் கூடும்.

3. ஒரே குடும்பத்தின் லேபிள்களைப் பிரித்து அறியுங்கள்

ரெய்னோ குடும்பத்து ஒயின்கள் பல பெயர்களில் வருகின்றன. குழப்பம் இங்கேதான் அதிகம்.

ஷாத்தோ ரயாஸ் சிவப்பு முழுக்க கிரெனாஷ் திராட்சை. பிஞான் என்பதும் ஷாத்தோநஃப்-து-பாப்தான். ரயாஸுக்கு அடுத்த படி. ஷாத்தோ த ஃபோன்சாலெட், கோத் து ரோன் என்ற பரந்த பகுதிப் பெயரில் வரும் வகை. ஷாத்தோ தே தூர் என்பது இமானுவேலின் குடும்பத் தோட்டம். அங்கிருந்து வக்கேராஸ் என்ற பகுதிப் பெயரிலும் கோத் து ரோன் பெயரிலும் ஒயின் வரும். தொமேன் தே தூர் அதே இடத்திலிருந்து வரும் எளிய வட்டார ஒயின்.

"ஷாத்தோ", "தொமேன்" என்ற ஒரு சொல் வித்தியாசத்தைப் பார்க்காமல் கூடுதல் விலை கொடுத்தவர்கள் உண்டு. அதைவிட மோசம்: போஜோலே பகுதியின் புரூயியிலும் ஒரு ஷாத்தோ தே தூர் இருக்கிறது, போர்தோ பக்கம் மோன்தாஞிலும் ஒன்று இருக்கிறது. இரண்டுக்கும் ரயாஸோடு சம்பந்தமில்லை. லெ பேனுக்கும் இதே தொல்லை. லெ பேன் போசொலேய் என்பது வேறொரு போர்தோ தோட்டம். பெயரை மட்டும் தட்டித் தேடாதீர்கள். பெயர், பகுதி, ஊர் மூன்றும் பொருந்த வேண்டும்.

4. வாங்கும் முன் குடித்துப் பாருங்கள்

முதல் பாட்டிலாக ரயாஸையே எடுக்காதீர்கள். தே தூரோ ஃபோன்சாலெட்டோ ஒன்றை வாங்கி, இரண்டு மூன்று பேர் சேர்ந்து நிதானமாகக் குடியுங்கள். அந்தக் குடும்பத்துக் கைப்பாங்கு அதில் தெரியும்: நன்றாகப் பழுத்த கிரெனாஷ், பழைய பீப்பாய், காம்போடு நொதிக்க விட்ட வாசம், வெளிறிய நிறம்.

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள் நிறையப் பேர். விமர்சகர்கள் தரும் மதிப்பெண்ணை மட்டும் பார்த்து வாங்கிவிட்டு, திறந்ததும் "இவ்வளவு வெளிறியிருக்கிறதே, கெட்டுப்போனதோ" என்று பதறுவார்கள். மணற்பாங்கான நிலம், சுற்றிலும் காடு, வடக்கு நோக்கிய சரிவுகள்: ரயாஸ் இளமையிலேயே அடர்த்தி குறைந்த நிறத்தோடுதான் வரும். இந்தப் பாணி உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் சேர்க்க வேண்டாம். பிடிக்காத ஒயினைப் பத்து வருடம் காப்பதற்குப் பொறுமை வராது. சந்தை இறங்கியதும் தவறான நேரத்தில் விற்றுவிடுவீர்கள்.

5. வைக்கும் இடத்தை வாங்கும் முன்பே முடிவு செய்யுங்கள்

12 முதல் 14 டிகிரி செல்சியஸ், 70 சதவீதத்தை ஒட்டிய ஈரப்பதம், இருட்டு, அதிர்வின்மை. வெப்பம் மெல்ல ஏறி இறங்குவது அவ்வளவு கெடுதல் இல்லை. கோடையில் ஒரு வாரம் 30 டிகிரிக்கு மேல் போனால் கார்க் தளர்ந்து ஒயின் கசியக் கூடும். ஈரப்பதம் குறைந்தால் கார்க் காயும். வெயில் ஊரில் இருப்பவர்கள் பாட்டிலை வீட்டுக்கு வரவழைக்காமல் ஐரோப்பாவிலேயே கிடங்கில் விடுவது நல்லது.

அதற்கு பாண்டட் கிடங்கு ஏற்றது. அங்கே இருக்கும்வரை சுங்க வரியும் விற்பனை வரியும் கட்ட வேண்டியதில்லை. வெளியே எடுக்கும் நாளில்தான் கட்டணும். இங்கிலாந்தில் கோர்ஷம் அருகே பழைய கல் சுரங்கமே இப்படி ஒயின் கிடங்காக இயங்குகிறது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கணக்கு உங்கள் பெயரில் இருக்கட்டும். "எங்கள் கணக்கிலேயே வைத்துக்கொள்கிறோம், உங்களுக்கு ரசீது தருகிறோம்" என்று விற்பவர் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்த நிறுவனம் நொடித்துப் போனால், எந்தப் பெட்டி யாருடையது என்று நிரூபிக்கும் வேலை உங்கள் தலையில் விழும். பெட்டிக்குத் தனி அடையாள எண் கொடுத்து உங்கள் பெயரில் பதியும் கிடங்காகத் தேடுங்கள்.

6. எந்த வழியில் வாங்குவது, மொத்தச் செலவு என்ன

ரயாஸ் போன்ற தோட்டத்தில் வாசலில் போய் நின்றால் கிடைக்காது. ஒவ்வொரு நாட்டிலும் பழைய இறக்குமதியாளர்களுக்குக் குறிப்பிட்ட அளவு ஒதுக்கீடு போகிறது. அவர்கள் தங்கள் நீண்ட கால வாடிக்கையாளருக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள். புதியவர் அந்த வரிசையில் சேர, அவர்களிடம் மற்ற ஒயின்களைத் தொடர்ந்து வாங்க வேண்டியிருக்கும். மெதுவான வழி; ஆனால் பாட்டிலின் பாதை சுத்தமாக இருக்கும். என் முதல் தேர்வு இதுதான்.

இரண்டாவது வழி ஏலம். இதில் பலகையில் தெரியும் விலை முழு விலை அல்ல. 1,000 யூரோவுக்கு உங்கள் பெயரில் விழுந்தால், வாங்குபவர் கட்டணம் 25 சதவீதம் என்று வைத்தாலே 1,250. அதன்மேல் அனுப்பும் செலவு, காப்பீடு, வரி, ஆண்டுதோறும் கிடங்கு வாடகை. இவை எல்லாம் சேர்த்து ஓர் உச்ச வரம்பைக் காகிதத்தில் எழுதிவிட்டு ஏலத்தில் உட்காருங்கள். எழுதாமல் உட்கார்ந்தவர் போட்டி சூட்டில் நிற்க மாட்டார்.

மூன்றாவது, தனியாரிடம் நேரடியாக வாங்குவது. அடுத்த படி முழுமையாக நிறைவேறினால் மட்டும்.

7. பாட்டிலின் பத்திரத்தைக் கேளுங்கள்

மனை வாங்கும்போது தாய்ப்பத்திரம் தொட்டு வில்லங்கம் பார்க்கிறோம் அல்லவா, அதே நிதானம் இங்கேயும் வேண்டும். முதலில் யார் வாங்கினார், எந்தக் கடையில், எந்த ஆண்டு, பிறகு எத்தனை கை மாறியது, ஒவ்வொரு கட்டத்திலும் எங்கே இருந்தது. ரசீது, கிடங்குச் சீட்டு, ஏலப் பட்டியல் எதுவானாலும் நகல் கேளுங்கள்.

பாதை தெளிவாக இருந்தால் சந்தை அதற்குத் தனியாகக் காசு கொடுக்கும். பர்கண்டியில் ஒயின் செய்து புகழ்பெற்ற ஆன்ரி ஜாயே 2006-இல் காலமானார். அவருடைய சொந்த நிலவறையில் மிஞ்சியிருந்த 1,064 பாட்டில்களும் மேக்னங்களும் (1.5 லிட்டர் பெரிய பாட்டில்கள்) 2018 ஜூனில் ஜெனீவாவில் ஏலத்துக்கு வந்தபோது சுமார் 3.4 கோடி சுவிஸ் பிராங்குக்குப் போயின. செய்தவர் வீட்டை விட்டே வெளியேறாத பாட்டில்கள் அவை.

2019-க்கு முன் பிரெஞ்சுச் சந்தைக்கென அடைத்த பாட்டிலின் கழுத்து உறைமேல் பெரும்பாலும் வரி முத்திரை அச்சாகியிருக்கும். ஏற்றுமதிக்குப் போனவற்றில் அது இல்லாமலும் இருக்கலாம். "அன்றே லண்டன் வணிகர் நேராக இறக்கியது" என்று கதை சொல்லும் பாட்டிலில் பிரெஞ்சு முத்திரை இருந்தால் போலி என்று முடிவு கட்ட வேண்டாம். கதையை மட்டும் மறுபடி கேளுங்கள்.

விற்பவர் கேள்விகளால் கோபப்பட்டால் விலகிவிடுங்கள். நேர்மையாக வாங்கி வைத்தவர் பெரும்பாலும் ஆசையோடு சொல்வார்.

8. பாட்டிலைக் கையில் எடுத்து ஆராயுங்கள்

நேரில் முடியாவிட்டால், இந்த வரிசையில் படங்கள் கேளுங்கள்: முழு பாட்டில் வெளிச்சத்துக்கு எதிரே, கழுத்து, உறையின் மேல்புறம், முன் லேபிள், பின் லேபிள்.

ஒயினின் மட்டத்திலிருந்து ஆரம்பியுங்கள். ரயாஸ் பர்கண்டி வடிவ பாட்டிலில் வருவதால், கார்க்கின் அடியிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் இறங்கியிருக்கிறது என்று அளக்க வேண்டும். பத்து வருட பாட்டிலில் 2 சென்டிமீட்டருக்குள் இருந்தால் நல்லது. 30 வருடம் ஆனதில் 3, 3.5 சாதாரணம். 5-ஐத் தாண்டினால் காற்று உள்ளே போயிருக்க வாய்ப்பு அதிகம். தலைகீழாகவும் யோசியுங்கள்: 40 வருட பாட்டில் நேற்று அடைத்ததுபோல் நிறைந்திருந்தால் ஏன் என்று கேட்க வேண்டும்.

அடுத்து கழுத்து உறை. ஒட்டும் பிசுக்கு, கறை, மேலே உப்பிய கார்க் ஆகியவை வெப்பத்தின் தடயங்கள். உறை சுழன்று கொடுத்தால் கசிவு இல்லை என்பதற்கு ஓரளவு அறிகுறி.

பிறகு லேபிள். ஈரக் கறை படிந்த லேபிளைப் புதியவர்கள் ஒதுக்குகிறார்கள். நல்ல நிலவறையில் ஈரம் உண்டு. லேபிள் அழுகினாலும் உள்ளே ஒயின் நன்றாக இருக்கும். பளிச்சென்ற லேபிளோடு இறங்கிய மட்டத்தைவிட, கறை படிந்த லேபிளோடு உயர்ந்த மட்டத்தையே நான் எடுப்பேன். காகிதத்துக்கு வெண்மை கூட்டும் ரசாயனம் 1950-களை ஒட்டித்தான் பரவலானது. ஆகவே அதற்கு முந்தைய ஆண்டு என்று சொல்லப்படும் லேபிள் புறஊதா விளக்கில் நீலமாக ஒளிர்ந்தால் நிறுத்திக்கொள்ளுங்கள்.

கடைசியாக நிறம். 4-வது படியில் குடித்துப் பழகியவருக்கு இங்கே குழப்பம் வராது. வெளிறிய சிவப்பு ரயாஸுக்கு இயல்பு. கலங்கலும் பழுப்பும்தான் கவலைக்குரியவை.

சிறு தோட்டங்களில் லேபிள் ஒட்டிய விதமும் கழுத்து உறையும் பெட்டிக்குப் பெட்டி வேறுபடலாம். சின்ன வேறுபாட்டை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். நடக்கவே முடியாத ஒன்று இருக்கிறதா என்று தேடுங்கள். 2-வது படியில் எழுதிய காலவரிசை அதற்குத்தான்.

9. வந்து சேர்ந்ததும் பதிவு செய்யுங்கள்

பெட்டி கிடங்குக்குப் போன அன்றே எல்லாப் பக்கமும் படம் எடுக்கச் சொல்லுங்கள். வாங்கிய தேதி, விலை, கட்டணங்கள், முந்தைய உரிமையாளர் தந்த காகிதங்களின் நகல், மட்டத்தின் அளவு அனைத்தும் பதிவேட்டில் ஏறட்டும். நாளை நீங்கள் விற்கும்போது எதிரே இருப்பவர் 7-வது படியில் இருப்பார். அன்றைய மாற்று விலைக்குக் காப்பீடு எடுத்து இரண்டு வருடத்துக்கு ஒருமுறை திருத்துங்கள்.

அதன் பிறகு நகர்த்தாதீர்கள். ஆசையாகப் பார்ப்பதற்கென்று வீட்டுக்குக் கொண்டுவந்து திரும்ப அனுப்பிய பாட்டிலுக்குச் சுத்தமான பாதை போய்விடும்.

10. விற்பதும் திறப்பதும்

மூன்று பாட்டில் வாங்கினால் ஒன்றைக் குடிக்க ஒதுக்குங்கள். மற்ற இரண்டு எந்த நிலையில் இருக்கின்றன என்பதை அறிய வேறு வழியில்லை. ஒரே ஆண்டின் மேக்னம் கிடைத்தால் நீண்ட காலத்துக்கு அதை வையுங்கள். ஒயினின் அளவோடு ஒப்பிட்டால் உள்ளே காற்று குறைவு, ஆகவே மெதுவாக முதிரும்.

விற்பதானால் ஏலத்துக்கு முன்பே நிறுவனத்திடம் விற்பவர் கட்டணம், குறைந்தபட்ச விலை, பணம் வரும் நாள் மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். கிடங்கிலிருந்து கிடங்குக்கே மாற்றச் சொல்லுங்கள்.

திறப்பதானால் ஒரு நாள் முன்பே நிமிர்த்தி வையுங்கள். வண்டல் அடியில் இறங்கட்டும். பழைய கார்க்குக்கு, அதன் இரு பக்கமும் நுழையும் இரட்டை நாக்குத் திறப்பான் வேண்டும். திருகு நடுவில் நொறுக்கிவிடும். 15, 16 டிகிரியில் ஊற்றுங்கள். முதிர்ந்த ரயாஸை மணிக்கணக்கில் ஜாடியில் காற்றாட விட வேண்டாம், கோப்பையிலேயே விரியும்.

குடித்து முடித்ததும் லேபிளின் குறுக்கே அழியாத மையால் தேதி எழுதுங்கள், கார்க்கை உடையுங்கள். காலிப் பாட்டிலைச் சும்மா குப்பையில் போடாதீர்கள், இணையத்திலும் விற்காதீர்கள். குர்னியவான் நியூயார்க்கில் ஓர் உணவகத்தில் விருந்து முடிந்ததும் காலிப் பாட்டில்களைத் தனக்கு அனுப்பிவைக்கச் சொல்லி வாங்கிக்கொண்டிருந்தார். போலி செய்பவருக்கு உண்மையான காலிப் பாட்டில்தான் மூலப்பொருள்.